கீழ்வீட்டுக்கு ஒரு சாட்சி

மனிதகுலம் இதுவரை செய்த தவறுகளிலேயே பெரியது, அன்பாக இருப்பதற்குப் படிப்பு தேவையில்லை என்று நினைத்ததுதான். அந்தத் தவறை எங்கள் சபை திருத்திவிட்டது. ‘அன்றாட வாழ்வில் விசுவாசத்தைப் பிரதிபலித்தல்’ என்ற சான்றிதழ்ப் படிப்பை ஞாயிறு மதியங்களில் நடத்துகிறார்கள். முதல் ஆளாகச் சேர்ந்தவன் அடியேன்.

என் மனைவி சேரவில்லை. “ஞாயித்துக்கிழமைதான் துணி துவைக்க நேரம் கிடைக்குது” என்று சொல்லிவிட்டாள். முறையான பயிற்சி இல்லாத விசுவாசம் இப்படித்தான் சோப்பு நுரையில் கரைந்துபோகிறது. அவளுக்காகப் பரிதாபப்பட்டேன்.

படிப்பு லேசுப்பட்டதல்ல. புன்னகைக்கே ஒரு வாரம் போயிற்று. பிறர் துயரத்தைக் கேட்கும்போது தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதற்கு இன்னொரு வாரம். (இடப்பக்கம். வலப்பக்கம் சாய்த்தால் தூங்குகிற மாதிரி இருக்குமாம்.) கடைசியில் செய்முறைத் தேர்வு. அயலார் ஒருவர், மாணவரின் வாழ்வால் ஈர்க்கப்பட்டு, அழைக்காமலே அவர் வாசலைத் தேடி வரவேண்டும். தேர்வுக் குழு நேரில் வந்து விசாரிக்கும்.

மற்ற மாணவர்கள் அயலார் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, கீழ்வீட்டு வேன் டிரைவர் தானாகவே வந்து கதவைத் தட்டினார்.

“சார், உங்க பாத்ரூம் தண்ணி எங்க வீட்ல ஒழுகுது. அப்பா இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கார். அவர் கட்டில் மேலயே விழுது. கட்டிலை நகத்தலாம்னா வேற இடமில்ல.”

தலையை இடப்பக்கம் சாய்த்தேன். “உங்க மனசுல பெரிய பாரம் இருக்கு.”

“மனசுல இல்ல சார். சீலிங்ல.”

அவருக்காக அங்கேயே உருக்கமாக ஜெபித்து, ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தனுப்பினேன். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். தேடல் என்றால் இதுவல்லவா தேடல்!

இதற்குள் என் மனைவி முந்திரிக்கொட்டை மாதிரி பிளம்பரைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “டைலை எடுத்துட்டு பைப்பை மாத்தணும். அரை நாள் வேலை” என்றார்.

“அடுத்த மாசம் வாங்க. பரீட்சை முடிஞ்சிடும்” என்று அனுப்பிவைத்தேன்.

“எதுக்கு அவரை அனுப்புனீங்க?” என்றாள் மனைவி.

“குழாய் சரியாயிட்டா அந்த மனுஷன் நம்ம வீட்டுக்கு எதுக்கு வரப்போறார்? ஒரு ஆத்துமாவை அப்படி நட்டாத்துல விடலாமா?”

“அங்க ஒரு வயசானவர் நனைஞ்சுகிட்டுக் கிடக்கார். உங்களுக்கு ஆத்துமா கேக்குதோ?”

சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொதுக் குளியலறைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் குளியல் அங்கேதான். திரும்புகிற வழியில் கீழ்வீட்டில் நுழைந்து, கட்டிலைத் துடைத்து, பெரியவருடைய ஈரப் போர்வையை மாற்றிவிட்டு வருவாள். பாடத்திட்டத்தில் இதெல்லாம் கிடையாது என்பதால் நான் தலையிடவில்லை.

தேர்வு நாள் வந்தது. குழுவினரோடு போதகரே வந்திருந்தார். கீழ்வீட்டுக்குப் போனோம். டிரைவர் கதவைத் திறந்தார்.

“இந்தச் சகோதரர் வீட்டுக்கு நீங்க போறதுண்டா?” என்றார் போதகர்.

“தினம் போறேங்க” என்றார் டிரைவர்.

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். நான் அடக்கமாக, முதல் வாரப் பாடத்தின்படி புன்னகைத்தேன். போதகர் கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

“ஐயா, மேல்வீட்டுக்காரரைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?”

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இவர்தானா? அந்தம்மாவைத் தெரியும். இவரை இன்னைக்குத்தான் பாக்குறேன். ஆனா குரல் நல்லாக் கேக்கும். காலைல சத்தமா ஜெபம் பண்ணுவார். அவர் ஆமென் சொன்னதும் நான் கண்ணை இறுக்க மூடிக்குவேன்.”

போதகர் உருகிப்போய்ப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்களும் ஜெபத்துல சேந்துக்குவீங்களாய்யா?”

“இல்லீங்க. ஆமென் சொன்னா அடுத்தது குளிக்கப் போவார். தண்ணி நேரா கண்ணுலதான் விழும்.”