விளம்பர இடைவேளை

பேராதனையில் நான் வாடகைக்கு இருக்கும் ஒழுங்கையில் வசிக்கும் விளம்பரக்காரரைப் போல டிவி பார்க்கத் தெரிந்தவர் இலங்கையிலேயே கிடையாது. மனுஷர் எந்த விளம்பரக் கம்பெனியிலும் வேலை பார்த்ததில்லை. நாடகம் ஓடும்போது வாயைத் திறக்கமாட்டார். விளம்பரம் வந்தால் மூடமாட்டார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

முன்பெல்லாம் பொழுதுபட்டால் ஒழுங்கையின் அத்தனை வீட்டாரும் அவர் வீட்டுக் கதிரைகளில்தான். ஒருநாள் குசினியில் பருப்பு தீய்ந்து, புகை முன்னறைவரை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பதறி எழுந்தார். இவர் விரலை உயர்த்தினார்.

"உக்காருங்க. விளம்பரம் வரட்டும்."

வந்தது. சட்டியை இறக்கி, அக்கா மகளின் கல்யாணப் பேச்சை விசாரித்து, என் தலைமயிரைக் குறை சொல்லி, நாடகம் தொடங்குமுன் கதிரைக்குத் திரும்பிவிட்டார்.

பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. அவரவர் அறையில், காதில் வயரை மாட்டிக்கொண்டு, நினைத்த நேரத்தில் பார்த்தார்கள். மனைவியும் இல்லாத வீட்டில் அவரும் காலிக் கதிரைகளும்தான். பொறுக்கமுடியாமல் கதவு கதவாகத் தட்டுவார்.

"அந்தப் புள்ள வீட்ட விட்டுப் போயிருச்சு, பாத்தீங்களா?"

"சொல்லாதீங்கண்ணே, நான் இன்னும் பாக்கல" என்பார் அக்கா. அடுத்த வீட்டில், "அது திரும்பியே வந்திருச்சே" என்பார்கள். எல்லோரும் பார்ப்பது ஒரே நாடகம். அவருக்குப் பேசத்தான் ஆளில்லை.

கனடாவிலிருக்கும் மகள் இன்டர்நெட் டிவி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அதில் விளம்பரமே இல்லை. மனுஷர் இடிந்துபோனார்.

"அப்ப எப்ப தம்பி பேசுறது?"

எனக்குப் பாவமாக இருந்தது. படத்தை நிறுத்திவைக்கும் பட்டனைக் காட்டிக்கொடுத்தேன். அவ்வளவுதான். கதாநாயகி அழ வாயைத் திறந்ததும் நிறுத்துவார். "விளம்பரம்" என்று அறிவிப்பார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, கடுகண்ணாவையில் மண் சரிந்ததிலிருந்து தன் முழங்கால் வலிவரை என்னிடம் பேசுவார். அரைமணி நேர நாடகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது.

போன மாதம் வேலையாக நாவலப்பிட்டிக்குப் போய் சில நாட்கள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து அவர் டிவியைப் பார்த்தால், நான் கிளம்புமுன் கதவைத் திறக்கப்போன கதாநாயகி, தாழ்ப்பாளில் வைத்த கையோடு அப்படியே நிற்கிறாள்.

"நீங்க பாத்து முடிச்சிருக்கலாமே, அண்ணே?"

"முடிச்சிட்டா நீ எதுக்கு தம்பி வரப்போற?"

கதவுக்கு வெளியே நிற்பது யாரென்று ரயிலில் வரும்போதே என் போனில் பார்த்துவிட்டிருந்தேன்.

"யாரா இருக்கும்ணே?" என்று கேட்டபடி, கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.