நேற்று என்ன குழம்பு?

பிள்ளைகளே, தன் கைபேசியைப் பார்த்துத் தானே பயந்த மனிதர்களில் உலகத்துக்கே முதலிடம் எங்கள் குழம்பு அண்ணனுக்குத்தான். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டைக் கடந்தபோதுகூட அவர் பைக்கை நிறுத்திவிட்டு நிதானமாக நின்றார். சட்டைப்பையில் ஃபோன் ‘டிங்’ என்றதும்தான் துள்ளிக் குதித்தார்.

ஓசூர் சிப்காட்டில் நானும் அவரும் ஒரே ஷிப்ட். உள்ளே போகும்போது செக்யூரிட்டி எங்கள் ஃபோன் கேமராமேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். தொழிற்சாலைக்குள் படம் எடுக்கக்கூடாது அல்லவா? வெளியே வந்ததும் எல்லோரும் உரித்துப் போட்டுவிடுவோம். அண்ணன் உரிக்கமாட்டார். “முன்னாடி கேமராவுக்கும் ஒண்ணு ஒட்டுங்க சார், எவன் பாக்குறான்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டு வாங்குவார். அக்கா பேத்தியின் காதுகுத்தில் அவர் எடுத்த படங்களில் பேத்தியும் இல்லை, காதும் இல்லை. எல்லாம் சிவப்பு.

அவருக்கு யார் ஃபோன் செய்தாலும் ஹலோ கிடையாது. “நேத்து என்ன கொழம்பு?” என்பார். இதற்காகவே கேன்டீனில் ஒவ்வொருவர் டப்பாவையும் எட்டிப் பார்த்து மனதில் ஏற்றிக்கொள்வார். சரியாகச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு.

“ஏண்ணா, என் கொரலு தெரியாதா உனக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கொரலு தெரியும்பா. இப்பல்லாம் கொரலையே களவாடுறாங்க. கொழம்பக் களவாட முடியுமா?”

சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த அவர் அக்கா, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பக்கத்தில் இருந்தவரின் ஃபோனை வாங்கிப் பேசினார். “போன வாரம் நான் வந்தப்ப என்ன கொழம்பு வெச்ச?” என்றார் தம்பி. அக்கா, “கொள்ளு” என்றார். லைன் கட். வெயிலில் மூட்டையோடு ஆட்டோ பிடித்து வந்து, வாசலிலேயே கத்தினார்: “அவரக்கொட்டடா! அவரக்கொட்டக் கொழம்பு! இப்பவாவது நான் உங்கக்காதானா?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் யோக்கியதையைக் கேளுங்கள். ஃபோனுக்கு 1234 என்று பூட்டுப் போட்டிருந்தேன், மறந்துபோகாமல் இருக்க. பாட்டுப் பாடும் ஆப் ஒன்றை இறக்கினேன். அது மைக்கைக் கேட்டது, கொடுத்தேன். ஃபோனில் இருந்த நம்பர்களையெல்லாம் கேட்டது, கொடுத்தேன். இவ்வளவு மரியாதையாக அனுமதி கேட்பவரிடம் இல்லை என்று சொல்வது நன்றாகவா இருக்கும்? போதாததற்குத் தினமும் அதில் பாடவும் பாடினேன். பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்க விரும்பாத என் குரலை எவனோ கவனமாகக் கேட்டிருக்கிறான்.

ஒருநாள் மதியம் நான் மிஷினில் நிற்கிறேன், மிஷின் பக்கம் ஃபோன் கூடாது என்பதால் அது லாக்கரில். வீட்டில் என் மனைவி மஞ்சுளாவுக்குப் புது நம்பரிலிருந்து அழைப்பு. என் குரல், அதுவும் அழுகிறது.

“மஞ்சு, மிஷின்ல கை மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரில இருக்கேன். உன் ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சீக்கிரம் சொல்லு!”

அந்த நம்பரைச் சொல்லியிருந்தால், மகளின் ஃபீசுக்கு மஞ்சுளா பேங்கில் சேர்த்து வைத்ததெல்லாம் போயிருக்கும். நல்லவேளை, குழம்பு அண்ணன் அவளுக்கும் பாடம் எடுத்திருந்தார். “நேத்து என்ன கொழம்பு?” என்று கேட்டாள். பதில் வந்ததும் கட் செய்துவிட்டு, பஸ் பிடித்துத் தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்த என் இரண்டு கைகளையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

கூட வந்த அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. “கொழம்பத் தப்பா சொல்லிட்டானா தங்கச்சி?”

“இல்லண்ணா. சாம்பாருன்னு சரியாத்தான் சொன்னான்.”

அண்ணன் முகம் தொங்கிப்போனது. “அப்புறம் எப்படிம்மா?”

“சாம்பாரு, ரொம்ப நல்லா இருந்துச்சு மஞ்சுன்னான். கல்யாணம் ஆனதுலேருந்து ஆக்கிப் போடுறேன். இவரு வாயில அந்த வார்த்த வந்ததே இல்ல.”

அண்ணன் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். “உன் பூட்டு என் பூட்டவிட கெட்டிப்பா!”

அங்கேயே என் ஃபோனைப் பிடுங்கினார். “பாட்டுப் பாடுறதுக்கு எதுக்குய்யா ஊர்ல உள்ளவன் நம்பரெல்லாம்?” என்று திட்டிக்கொண்டே அந்த ஆப்பைத் தூக்கினார், 1234ஐயும் மாற்றவைத்தார். குழம்பை ஊகித்துவிடுகிறார்கள் என்பதால் எங்கள் வீட்டுக்கென்று ஒரு ரகசியச் சொல் வைத்தோம். உங்கள் வீட்டிலும் ஒன்று வையுங்கள். என்னவென்று எனக்குக்கூட எழுதாதீர்கள்.

அன்று இரவு, “ரசம் நல்லா இருக்கு” என்றேன். மஞ்சுளா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

அண்ணன் இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் வேறு கம்பெனியில் இருக்கிறார். ஒற்றை அறை, தனிச் சமையல். வாரம் ஒருமுறை பேசுவார். அவர் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் நான் முந்திக்கொண்டு கேட்பேன்: “நேத்து என்ன கொழம்புண்ணா?”

போன வாரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணும் வெக்கலப்பா. மோர ஊத்திக்கிட்டேன்” என்றார்.

சரியான பதிலா என்று சோதிக்க எனக்கு வழியில்லை. மறுநாள் காலை கிருஷ்ணகிரி பஸ்ஸில், என் மடியில் சூடாக ஒரு டப்பா இருந்தது.