கல்யாணப் பந்தியில் பன்றி இல்லாமற்போன விபரம்

மட்டக்குளி,
கொழும்பு 15.

அன்புத் தங்கச்சி யூஜினாவுக்கு,

கொச்சிக்கடை அந்தோனியார் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி டோரினும் மகள் ரொஷேலும் சுகம். பலெர்மோவில் நீயும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறேன். என் முழங்கால் மட்டும் எந்த மன்றாட்டுக்கும் மசியவில்லை.

நிற்க. ரொஷேலின் கல்யாணத்துக்கு நீ வரும்போது பந்தியில் பன்றிக் கறி இராது. பதறாதே, காரணம் சொல்கிறேன்.

மாப்பிள்ளை ஜொனாதன் மிருக வைத்தியர் என்று எழுதியிருந்தேன். அது பாதிதான் உண்மை. அவர் ஊசி போடமாட்டார், மருந்து எழுதமாட்டார். நோய் எங்கிருந்து வந்தது, அடுத்து எங்கே போகும் என்று ஆட்களைக் கேள்வி கேட்பதுதான் உத்தியோகம். "அப்ப நீங்க டொக்டரா, பொலிஸா?" என்று டோரின் கேட்டாள். "ரெண்டுக்கும் நடுவில, அன்ரி" என்று சிரித்தார்.

கல்யாணத்துக்கென்று இரண்டு பன்றிகளை ஆற்றுக்கு அக்கரையில் பிறெடியின் பண்ணையில் வளர்க்க விட்டிருந்தேன். பிறெடி என்னோடு துறைமுகத்தில் வேலை செய்தவன். ஞாயிறு பூசை முடிந்ததும் அவற்றைப் பார்க்கப் போவேன். வெறுங்கையோடு போக மனம் வருமா? எங்கள் வீட்டிலும் அயலிலும் மிஞ்சிய சோறு, கறி, சொசேஜ் துண்டு எல்லாவற்றையும் வாளியில் சேர்த்துக்கொண்டு போவேன். போகிற வழியில் மற்றப் பண்ணைகளுக்குள்ளும் புகுந்து, அங்குள்ளவை எங்களுடையவற்றைவிட மெலிவு என்று கண்டு ஆறுதலடைவேன். தகப்பன் மனம், வேறென்ன!

இப்படியிருக்க, பக்கத்து ஊர்களுக்கு ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து சேர்ந்தது. மனிதருக்கு ஒட்டாதாம். பன்றிக்கு ஒட்டினால் மருந்தில்லை, பண்ணையோடு போய்விடுமாம். பிறெடி அழாத குறையாகப் போன் பண்ண, நான் ஜொனாதனை இழுத்துக்கொண்டு ஓடினேன். மருந்துப் பெட்டி வரும் என்று பிறெடி வாசலில் நிற்கிறான்; இவரோ வெறுங்கையோடு போய்க் கேள்வியைத் தொடங்குகிறார்.

"சாப்பாடு எங்கயிருந்து வருது, அண்ணே?"

"ஹோட்டல் மிச்சம். அத அவிச்சுத்தான் குடுக்கிறன். பிறகு, கிளெமென்ற்ட வாளி."

"அதையும் அவிக்கிறீங்களா?"

"அத ஏன் அவிக்க? வீட்டுச் சாப்பாடுதானே!"

"வெளியாக்கள் ஆர் உள்ளுக்கு வாறது?"

"ஒருத்தரும் இல்ல. கிளெமென்ற் மட்டும்."

"மற்றப் பண்ணைக்குப் போயிட்டு இங்க வாறது ஆர்?"

பிறெடி என்னைப் பார்த்தான். பன்றிகளும் பார்த்தது போலத்தான் எனக்குப் பட்டது.

"அங்கிள்," என்றார் ஜொனாதன், மிக மரியாதையாக, "இந்த ரோட்டில காய்ச்சல் பரவினா, அது உங்கட சப்பாத்தில ஏறித்தான் இங்க வரும்."

யூஜினா, துறைமுகத்தில் கப்பல் கப்பலாக இறக்குமதியைப் பார்த்த எனக்கே காய்ச்சலை இறக்குமதி செய்கிறவன் என்ற பெயர்! கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "டடா, கல்யாணம் எனக்கு, உங்களுக்கில்ல" என்றாள் ரொஷேல். டோரின் என் சப்பாத்தைக் கொண்டுபோய் வெளியே வைத்தாள்.

ஜொனாதன் கோபிக்கவில்லை. பிறெடியின் வாசலில் கால் கழுவ மருந்துத் தண்ணீர் வைத்தார். அவிக்காத மிச்சம் எதுவும், முக்கியமாக நோய் ஒளிந்து வரக்கூடிய சொசேஜ் போன்ற பன்றி இறைச்சி, உள்ளே போகக் கூடாதென்றார். படலைக்குப் பூட்டுப் போட்டார். அந்தப் பூட்டு எனக்காகத்தான் என்று ரோட்டுக்கே தெரியும். நான் வேலிக்கு வெளியே நின்று பன்றிகளுக்குக் கை காட்டிவிட்டு வந்தேன். பிறகு அதே ரோட்டில் இரண்டு பண்ணைகள் வெறுமையாகின. ஒரு மனுசன் காலிக் கொட்டிலுக்கு முன்னால் குந்தியிருந்து அழுததைக் கண்டேன், தங்கச்சி. அன்றைக்குத்தான் என் வாய் அடங்கியது. பிறெடியிடம் ஒன்றுகூடச் சாகவில்லை. "தம்பி, நீங்க ஒரு ஊசி கூடப் போடேல்லயே!" என்று ஜொனாதனைக் கட்டிப்பிடித்து அழுதான். இவர் என் மருமகன் என்ற பெருமையில் நானும் அழுதேன்.

ஆனால், காய்ச்சல் அடங்கும்வரை பன்றியை வெளியே எடுக்கத் தடை. எங்கள் இரண்டும் அங்கேயே கொழுத்துக்கொண்டிருக்கின்றன. பந்திக்கு என்ன செய்வதென்று டோரின் தலையில் கைவைத்திருக்க, பக்கத்து வீட்டு நஸீறா வந்தார். அவருடைய கணவர் சஜீத் கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்.

"பன்றி இல்லாட்டி சமையல எங்களுக்குத் தாங்க" என்றார் நஸீறா. "எங்கட வீட்டுக்காரர் புரியாணி போடுவார். இவ்வளவு காலமும் உங்கட விசேஷத்துல நாங்க சோடாவும் கேக்கும் மட்டும்தானே! இந்தமுறை எல்லாரும் குந்தி வயிறு நிறையத் தின்னப் போறோம்."

டோரின் அவரைப் பிடித்து முத்தமிட்டாள். "ஆடு எங்கயிருந்து எடுக்கிறது?" என்று ஜொனாதன் தொடங்கினார். ரொஷேல் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

ஆகவே நிம்மதியாக வந்து சேர். மடு மாதா உங்கள் விமானத்தைத் தன் முந்தானையில் ஏந்தி இறக்குவாளாக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
முழுதாகத் திருந்திய அண்ணன்,
கிளெமென்ற்.

பி.கு.: இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பை ரொஷேல் பார்க்கிறாள். வரும்போது உன் பெட்டியில், சேலைகளுக்கு நடுவில், உங்கள் ஊர்ப் பன்றிச் சலாமி இரண்டைச் சுற்றி வைத்துக்கொண்டு வா. ஒன்று எனக்கு, ஒன்று பிறெடிக்கு. தோலையும் வீணாக்கத் தேவையில்லை. வேலிக்கு மேலால் எறிந்தால் பன்றிகள் ஆசையாகத் தின்னும்.