கொக்கை நிமிர்த்திய குற்றம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதிவிட்டேன். உண்மை என்னவென்றால், உன் மருமகள், என் ஒரே மகள், நான்கு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை. காரணம் நீ அனுப்பிய ஜெர்கின்.

உன்னிடம் யார் கேட்டது என்று கேட்க வந்தேன், அதற்குள் விடையும் தெரிந்துவிட்டது. அவளே உனக்குப் போன் செய்து, "அத்தை, எங்க கிளாஸ்ல எல்லாரும் கொக்கு போட்ட ஜெர்கின்தான் போட்டுட்டு வராங்க, நான் மட்டும் அப்பா தைச்சதைப் போடறேன்" என்று மூக்கை உறிஞ்சியிருக்கிறாள். நீயும் உருகிப்போய்ப் பார்சல் கட்டிவிட்டாய். அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமை மட்டும் சீருடை கிடையாதாம், பிள்ளைகள் இஷ்டப்பட்டதைப் போட்டுக்கொள்ளலாமாம். இஷ்டம் என்று பேர்தான், நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே இஷ்டம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்ன போட வேண்டும் என்று எங்கேயோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஒருவன் முடிவு செய்கிறான், இங்கே என் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு பறக்கிறது. நான் தைத்துக் கொடுத்த சட்டையில் ஒரு பிசிறு காட்டச் சொல், இன்றைக்கே கடையைப் பூட்டுகிறேன்.

சரி, வந்தது வந்துவிட்டது என்று கடையில் வைத்துத்தான் பிரித்தேன். மார்பில் அந்தக் கொக்கு, குடித்துவிட்டுச் சுவரைத் தேடுகிறவன் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இத்தனை பெரிய கம்பெனி, ஒரு சின்னத்தை நேராக வைத்துத் தைக்க ஆள் இல்லை. எனக்குக் கோணலைக் கண்டால் ஆகாது என்பது உனக்குத் தெரியும், உன் கல்யாணப் பந்தலில் திரையைக் கழற்றி மறுபடி மாட்டியவன் நான். பிளேடை எடுத்தேன், கொக்கைப் பிரித்தேன், டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து நட்டமாக நிறுத்தி, பொடித் தையலாக ஓட்டினேன். கழுத்தில் இருந்த லேபிள் பிள்ளைக்கு அரிக்குமே என்று அதையும் வெட்டிக் குப்பையில் போட்டேன். உன் அண்ணி வந்து பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு?" என்றாள். "ஆமா, தெரிஞ்சுபோச்சு" என்றேன். என் வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் துள்ளிக்கொண்டு போன பிள்ளை, சாயங்காலம் ஜெர்கினைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கொக்கு சாய்ந்துதான் இருக்க வேண்டுமாம். அதுதான் அசலுக்கு அடையாளமாம். வகுப்பில் எல்லாருடைய கொக்கும் சாய்ந்திருக்க, இவளுடையது மட்டும் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றிருக்கிறது. "டூப்ளிகேட்" என்று ஒருத்தி ஆரம்பித்திருக்கிறாள். அவளுக்கு நான் வைத்திருக்கும் பேர் மகாராணி, வகுப்பில் யார் யாரோடு உட்காரலாம் என்பதே அவள் உத்தரவுதான். "லேபிளைக் காட்டு" என்று அவள் கேட்க, இவள் கழுத்தைத் திருப்பிக் காட்ட, அங்கே என் கத்தரிக்கோலின் கைங்கரியம். பள்ளி விடுகிற வரைக்கும் அந்தக் கூட்டம் இவளை டூப்ளிகேட் என்றே கூப்பிட்டிருக்கிறது.

திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். நான் கடையை அடைத்துவிட்டு நேரே பள்ளிக்குப் போனேன். டீச்சர் நல்ல மாதிரிதான். மகாராணியை அழைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம் என்றார். குளிருக்கு அன்றும் தன் கொக்கு ஜெர்கினைச் சீருடைக்கு மேல் போட்டுக்கொண்டு அவள் வந்தாள், பின்னாலேயே ஐந்தாறு பிள்ளைகள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். மன்னிப்போடு நிறுத்தியிருக்கலாம். என் கண் சும்மா இருக்கவில்லை. "இங்க வாம்மா" என்று அவள் ஜெர்கின் ஓரத்தைத் திருப்பினேன். உள்ளே லைனிங் இல்லை. கொக்கைத் தைக்கவே இல்லை, பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், நகம் பட்டதும் வால் தூக்கிக்கொண்டது. "டீச்சர், டூப்ளிகேட் இதுதான். பிரிச்சுத் தைச்சவன் சொல்றேன்" என்றேன், வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி. வாசலில் சிரிப்பு கிளம்பியது. அந்தப் பிள்ளை கையால் கொக்கை மூடிக்கொண்டு நின்றது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

ஜெயித்துவிட்டேன் என்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன், அதற்குள் வாசலில் எட்டிப் பார்த்தவர்களில் ஒருத்தி போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். உன் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கத்துகிறாள். "ஏன்பா எல்லார் முன்னாடியும் சொன்னீங்க? அவங்க அப்பா வாங்கிக் கொடுத்ததுப்பா. அசல்னுதான் அவ நினைச்சிட்டிருந்தா. இப்ப அவளும் அழறா, நானும் அழறேன், உங்களுக்குச் சந்தோஷமா?" அதோடு பேச்சு நின்றது. பத்து வயதுப் பிள்ளையை அழவைத்த பெரிய மனிதன் நான், கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் உன் மேல் காட்டுகிறேன்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். இனிமேல் அந்தக் கம்பெனி துணி, கைக்குட்டை அளவில்கூட, என் வீட்டுப் படி ஏறக் கூடாது. அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். என் மகள் நான் தைத்ததைத்தான் போடுவாள், நானும் நான் தைத்ததைத்தான் போடுவேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். திட்டு எவ்வளவோ அவ்வளவு ஆசீர்வாதமும் உனக்குத்தான், இரண்டையும் குறையில்லாமல் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பிள்ளை கடைக்கு வந்தாள். பேசினாள். நாளைக்குப் பள்ளிக்குப் போகிறாளாம், மகாராணிக்குப் பக்கத்தில் தானே போய் உட்காரப் போகிறாளாம். "அடுத்த மாசம் பெற்றோர் கூட்டத்துக்கு நான் வரேன், வாயே திறக்க மாட்டேன்" என்றேன். "வாங்க. ஆனா கேட்டுக்கு வெளியிலயே நின்னுடுங்கப்பா, அம்மா உள்ள வரட்டும்" என்றாள். நான் பேசிவிடுவேன் என்று பயமா என்று கேட்டேன். "அது இல்ல" என்று சொல்லிவிட்டு என் சட்டையைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். நானே வெட்டி, நானே தைத்து, நானே பொத்தானுக்குக் காஜா எடுத்த சட்டை. அந்தக் கம்பெனி பெரியவர்களுக்கும் சட்டை போடுகிறதா என்று விசாரி. மார்பு நாற்பத்திரண்டு, கழுத்து பதினாறரை. எப்படி வந்தாலும் நான் கை வைக்க மாட்டேன். எனக்கு அந்தக் கேட்டுக்கு உள்ளே நிற்க வேண்டும்.