அம்மிக் குழவியும் கால் கட்டிய சேவலும்

அன்று பால்வாடி வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்: நான், வேலைக்குப் புது ஆயா. பூசாரி மகள் அஞ்சலை, வயது நாலு, வாய்க்கு நாற்பது. அவள் செய்வதையே செய்யும் மற்ற பிள்ளைகள். எதிர்வீட்டுச் சேவல். என் வீட்டு அம்மிக் குழவி. கடைசியாக, ஜீப்பில் வந்த மேடம்.

எழுபத்தெட்டு வாக்கில், கீழப்பழுவூர் பக்கம் எங்கள் ஊர். டீச்சர் அம்மை போட்டுக் கிடந்தார். அரியலூரிலிருந்து மேடம் பால்வாடியைப் பார்வையிட வருகிற நாள் அது. என்னை வேலையில் வைப்பதா, நிறுத்துவதா என்று அவர்தான் முடிவு செய்யவேண்டும். டீச்சர் தன் தம்பியிடம் சொல்லி அனுப்பினார்.

"உயிருள்ளது, உயிரில்லாதது பாடமாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டணுமாம். அது போதுமாம்க்கா."

இவ்வளவுதானே என்று நினைத்தேன். (அஞ்சாவது பெயிலான எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ.)

உயிருள்ளதுக்குச் சேவல். ஓடிவிடும் என்று காலைக் கட்டினேன். உயிரில்லாததுக்குக் குழவி. காலையில் மஞ்சள் அரைத்தது, கழுவ நேரமில்லை. படுக்கப் போட்டால் பின்னால் இருக்கிற பிள்ளைக்குத் தெரியாது. மரத்தடியில் மண்ணைப் பறித்து நிமிர்த்தி நட்டேன்.

வேப்பமரம். மஞ்சள் பூசின கல். முன்னால் கால் கட்டின சேவல். என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

கத்திக்கொண்டிருந்ததுகள் அடங்கிவிட்டன. ஒருவன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினான். ஒருத்தி அரளிப்பூவைப் பறித்துக் குழவி தலையில் வைத்தாள். எல்லாரும் கைகட்டி நின்றார்கள். (சோறு போடும்போதுகூட அந்த ஒழுங்கு கிடையாது.)

"ஆயா, எப்ப வெட்டுவீங்க?" என்றாள் அஞ்சலை.

"எதைடி?"

"சேவல."

"வெட்டல. இது பாடம்."

"எங்கப்பா தண்ணி தெளிச்சுட்டுத்தான் வெட்டும்."

சொன்ன கையோடு ஒரு டம்ளர் தண்ணீரைச் சேவல் தலையில் கவிழ்த்தாள். சேவல் உடம்பை உதறியது. எங்கள் பக்கம் அப்படி உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம்.

"உத்தரவு குடுத்துடுச்சு," என்றாள். பிள்ளைகள் குலவை போட்டன.

அந்தச் சத்தத்தில் ஜீப் வந்தது கேட்கவில்லை. மேடம் கல்லைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகுதான் பேச்சு.

"என்ன பாடம்மா நடக்குது?"

"உயிருள்ளது, உயிரில்லாததுங்க."

மேடம் சேவலைக் காட்டினார். "பாப்பா, இதுக்கு உயிர் இருக்கா?"

"இப்பத்துக்கு இருக்குங்க," என்றாள் அஞ்சலை.

மேடம் என்னைப் பார்த்தார். நான் சேவலைப் பார்த்தேன். அதற்கும் எனக்கும் அன்று ஒரே நிலைமை.

"சரி. உயிரில்லாதது எது?"

பிள்ளைகள் சுற்றிலும் தேடின. குழவிப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அஞ்சலை போய் மேடத்தின் செருப்பைத் தொட்டுக் காட்டினாள்.

மேடம் கல்லைக் காட்டி ஏதோ கேட்க வாயெடுத்தார். சற்றுமுன் அவரே கும்பிட்ட கல். வாயை மூடிக்கொண்டார்.

"செருப்பு சரிதான்," என்றார். ஜீப் கிளம்பியது. என் வேலை தப்பியது.

சேவலை அவிழ்த்துவிட்டேன். அஞ்சலை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் குழவியை எடுக்கப் போனேன். அவள் அம்மா அதற்குச் சிவப்புத் துணி கட்டி விளக்கேற்றியிருந்தாள். வெறும் கையோடு திரும்பினேன்.

"குழவி எங்கடி?" என்றார் வீட்டுக்காரர்.

"சாமியாயிடுச்சு."

"அப்ப சட்னிக்கு?"



இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரையாவது உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டால், "இப்பத்துக்கு இருக்கு" என்பார்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

குழவி அங்கேயேதான் நிற்கிறது. போன ஆடியில் அதற்குப் பொங்கல் வைத்தார்கள். நானும் வைத்தேன். பானைகளை எண்ணிப் பார்த்தேன்.

நாற்பத்தொன்று.