பம்ப்செட் திறப்பு விழாவும் என் போனஸும்

நான் வாழ்க்கையில் எதையும் அரைகுறையாகச் செய்ததில்லை. கெடுத்த காரியங்களைக்கூட முழுசாகத்தான் கெடுத்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் பள்ளிப்பட்டில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் இளநிலை அதிகாரியாக இருந்தேன். எங்கள் போனஸ், மேலதிகாரி வருஷா வருஷம் போடும் மதிப்பீட்டைப் பொறுத்தது. 'ஏ' போட்டால் இரண்டு மாதச் சம்பளம். 'பி' என்றால் ஒரு மாதம். 'சி' என்றால் இனிமேலாவது நன்றாக உழைக்கும்படி ஒரு புத்திமதி (அதற்குப் பிடித்தம் எதுவும் கிடையாது).

எனக்கு 'ஏ' வேண்டியிருந்தது. கல்யாணமாகி ஆர்.கே.பேட்டையில் மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தேன். மாமனார் நெல் பயிரிடுகிறவர். வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. நான் சாப்பிடும்போது என் இலையைப் பார்ப்பார், அப்புறம் நெல் மூட்டைகளைப் பார்ப்பார், அவ்வளவுதான். தனிக்குடித்தனம் போக வீட்டு அட்வான்ஸ் வேண்டும், அட்வான்ஸுக்கு போனஸ் வேண்டும். 'ஏ' வாங்காமல் விடமாட்டேன் என்று மனைவி சரோஜாவிடம் சபதமே செய்திருந்தேன்.

மதிப்பீடு செய்ய மெட்ராஸிலிருந்து பெரிய மேனேஜர் வருவதாகத் தகவல் வந்தது. நான் ஏற்பாடு செய்த விவசாயக் கடனில் முனிரத்தினம் என்பவர் கிணற்றுக்குப் பம்ப்செட் வாங்கியிருந்தார். அதை மேனேஜர் முன்னிலையில் ஓடவிடுவது என்று தீர்மானித்தேன். புது மோட்டார், தானாக ஓடும் என்றார் முனிரத்தினம். நான் விடுவேனா? அடி வால்வில் கசிவு இருந்தால் தண்ணீர் ஏறாது. சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றினால் கசிவு அடைபட்டுவிடும். கிராமத்தில் பிறந்த எனக்கா இது தெரியாது? பக்கத்தில் நின்று குடம் குடமாகச் சாணிக் கரைசலை ஊற்ற வைத்தேன்.

இன்னொரு யோசனை, மேனேஜர் மனசைத் தொடுவதற்காக. முதல் தண்ணீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம் என்று அவரிடம் சொன்னேன். மனிதர் நெகிழ்ந்துபோனார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் விழும் தொட்டியின் விளிம்பில் ஏறி, குழாய்க்கு நேராகக் கைகளை ஏந்திக் கண்களை மூடிக்கொண்டார்.

இரண்டுமே அருமையான யோசனைகள். இரண்டையும் சேர்த்து ஒரு தடவை யோசித்திருக்கலாம்.

முனிரத்தினம் சுவிட்சைப் போட்டார். குழாய் செருமியது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்ல நேரமில்லை. அவரைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் இழுக்க வேண்டியவன் தள்ளிவிட்டேன். அவர் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தார், கரைசல் ஒரு சொட்டு வீணாகாமல் அவர் தலையில் இறங்கியது.

முனிரத்தினத்துக்கு மட்டும் ஏக சந்தோஷம்.

"நல்லா இஸ்துகினு வர்து சார்," என்றார்.

குளித்துவிட்டு, முனிரத்தினத்தின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மேனேஜர் மதிப்பீட்டை முடித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"உமக்கு முனைப்பு ஜாஸ்திய்யா," என்றார். "அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

'சி' போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கோ அழுகை வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் அந்த இலையையும் அந்த மூட்டைகளையும் நினைத்தால் உடம்பு கூசியது. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"இன்னாத்துக்கு இப்போ கண்ண கசக்கிகினு கீறீங்க? அந்தாளு எழுதிக் குட்த்தாத்தான் நமக்கு ஊடா? நாளைக்கு நானே வந்து பாக்கறேன்."

சொன்னபடியே மறுநாள் பஸ் ஏறிப் பள்ளிப்பட்டுக்கு வந்தாள். அட்வான்ஸ் கிடையாது, மாசம் பிறந்தால் வாடகை கையில் இருக்கும் என்று ஒரு வீட்டுக்காரரிடம் கறாராகப் பேசி முடித்தாள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறை. நாற்றம் அடிக்குமே என்று வீட்டுக்காரர் தயங்கினாராம். எங்க வீட்டுக்காரருக்கு அதெல்லாம் பழக்கம்தான் என்றாளாம். அந்த அறையில் நான் சாப்பிட்ட முதல் சாப்பாட்டின் ருசி வேறெங்கும் கிடைத்ததில்லை.

எங்கள் மகனுக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை. அங்கேயும் வருஷக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டு மதிப்பீடு செய்துதான் போனஸ். அன்றைக்குக் காலையில் டிபன் டப்பாவைக் கொடுக்கும்போது சரோஜா தவறாமல் சொல்லியனுப்புவாள்.

"போனஸ் வந்தா வர்து, வராட்டி போவுது. மேனேஜர காப்பாத்த மட்டும் போயிடாத."