பதினோராம் மாடிக்குப் போக வேண்டிய காகிதம்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் தங்கை ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில், "வேணும்னே பண்ணிட்டீங்க மாப்பிள்ளை, கவர்மென்ட்காரன் புத்தியைக் காட்டிட்டீங்க" என்று ஒரு பாட்டம் திட்டினீர்கள். நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்தும் விட்டீர்கள். நான் என்றைக்கும் வாயால் பேசி ஜெயித்தவன் இல்லை. இருபத்தாறு வருடமாகக் காகிதத்தோடு புழங்குகிறவன், அதனால் காகிதத்திலேயே சொல்கிறேன். என் மகளுக்குக் கிடைத்த வேலையைக் கெடுக்க நான் கனவிலும் நினைக்கவில்லை. அன்று நடந்தது வெறும் கைப்பழக்கம். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

முதலில் எங்கள் புதுக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் லிப்ட் சமாசாரம் விளங்காது. பதினைந்து மாடி, சுற்றிலும் கண்ணாடி, ஒரு ஜன்னலும் திறக்காது. மூன்றிலிருந்து ஆறாம் மாடி வரை அரசாங்கம், அதாவது நாங்கள். எட்டாம் மாடியிலிருந்து உச்சி வரை தனியார் கம்பெனிகள். நடுவில் ஏழாம் மாடி காலியாகக் கிடக்கிறது. எங்களுக்கு நேர் மேலே இருக்கத் தனியார் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள், அவர்களுக்கு நேர் கீழே இருக்க இன்னொரு துறை சம்மதிக்கவில்லை. எங்கள் அலுவலக வேலை உங்களுக்குத் தெரியும், கடைக்காரர்களின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்துச் சான்று கொடுப்பது. பழைய கட்டடத்தில் தரைத்தளத்தில் இருந்தோம், வண்டியிலிருந்து இறக்கி அப்படியே உள்ளே வைப்பார்கள். இப்போது இருபது கிலோ எடைக்கல் நாலோடு ஒரு மனிதர் லிப்டில் ஏறினால், அது பீப் பீப் என்று கத்திக்கொண்டு கதவை மூடாது. யாராவது இறங்க வேண்டும். கழுத்தில் அட்டை தொங்க, கையில் காபிக் கோப்பையோடு நிற்கிற கம்பெனிப் பிள்ளைகள் இறங்கமாட்டார்கள். எடைக்கல்லும் இறங்காது. இதைப் பற்றிப் பதினோராம் மாடிக் கம்பெனி ஆறு மாதத்தில் ஐந்து புகார் எழுதியது. நாங்கள் ஐந்துக்கும் சேர்த்து 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் எழுதினோம். எங்கள் பக்கத்தில் 'லிப்ட் தகராறு' என்று தனிக் கோப்பே திறந்து, அது தலையணை கனத்துக்கு வளர்ந்துவிட்டது.

அந்தப் பதினோராம் மாடியில்தான், நீங்கள் சொல்லிவைத்த புண்ணியத்தில், என் மகளுக்கு வேலை கிடைத்தது. எதிராளிக் கம்பெனி என்று நான் முகம் சுளித்தேனா? சத்தியமாக இல்லை. ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே வாசலில் நுழைவோம், லிப்டில் நான் நாலில் இறங்கிக்கொள்வேன், அவள் மேலே போவாள் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த மேஜை அம்மாவிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

நியமனக் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டு, அசல் காகிதத்தை அன்று மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்றைக்கென்று பார்த்து மருத்துவப் பரிசோதனைக்கும் ஊரின் அந்தக் கோடிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். "நீங்க அதே பில்டிங்தானே அப்பா, மறக்காம குடுத்துடுங்க" என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். காலை பத்து மணிக்கே போனேன். கீழே வரவேற்பில் இருந்த பெண், "மேல மீட்டிங் நடக்குது, ரெண்டு மணிக்கு அப்புறம் வாங்க சார், அசலை அவங்க கைலதான் குடுக்கணும்" என்றாள். மதியச் சாப்பாடு முடிந்து மேஜைக்கு வந்தேன். உறையிலிருந்து ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? மடிப்பு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க எடுத்தேன், அவ்வளவுதான். மேஜையில் வைத்தேன். பக்கத்தில் அன்றைய தபால் நாற்பது கிடந்தது. முத்திரையைக் கையில் எடுத்தேன். டொக் டொக் என்று போய்க்கொண்டே இருந்தது. 'பெறப்பட்டது', தேதி, எண் 2316.

மச்சான், தபால் பிரிவில் இருக்கிறவன் காகிதத்தைப் படிப்பதில்லை. படித்தால் வேலை நடக்காது. நான் முத்திரை வைத்து எண் போடுவேன், அடுத்த மேஜை அம்மா முகப்பைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். இந்தக் கைக்கு முன்னால் எந்தக் காகிதம் வந்தாலும் இதுதான் கதி. போன வருடம் உங்கள் தங்கை கொடுத்தனுப்பிய மளிகைச் சீட்டுக்கு முத்திரை வைத்து உள்ளே அனுப்பினேன். எங்கள் கண்காணிப்பாளர், எதற்கெடுத்தாலும் குறிப்பு எழுதுவதால் 'குறிப்பு' என்று பெயர் வாங்கியவர், அதன் மேல் 'பருப்பின் அளவு தெளிவாக இல்லை, விவரம் கோரலாம்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இதைக் கல்யாண வீட்டில் சொல்லி நீங்களே சிரித்தீர்கள். அப்போது கைப்பழக்கம், இப்போது மட்டும் சதியா?

மூன்றே முக்காலுக்கு என் மகள் போன் செய்தாள். "குடுத்துட்டீங்களாப்பா?" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். முத்திரை வைத்த தபாலைப் போடும் தட்டைப் பார்த்தேன், தட்டு இல்லை. தபால் எடுக்கிற அம்மா எப்போதோ வந்து வாரிக்கொண்டு போயிருந்தார். "இதோ, இதோ" என்று சொல்லி வைத்துவிட்டுக் குறிப்பின் அறைக்கு ஓடினேன்.

"சார், ஒரு காகிதம் தெரியாம உள்ள வந்துடுச்சு."

"எண்ணு?"

"ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். அடுத்த மேஜை அம்மா கம்பெனிப் பெயரை முகப்பில் பார்த்ததும், 'பதினோராம் மாடி, புகார்' என்று எழுதியிருந்தார். குறிப்பும் அதற்கு மேல் படிக்கவில்லை. ஆறாவது புகார் என்று லிப்ட் தகராறு கோப்பில் கோத்துவிட்டார்.

"இருபத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான்யா முத்திரையை நேரா வச்சிருக்கீங்க. எப்பவும் கோணலா வச்சுக் கழுத்தை அறுப்பீங்க. மனசுக்கு நிறைவா இருந்துச்சு" என்று பாராட்டு வேறு.

"சார், அது புகார் இல்ல. என் பொண்ணோட அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்."

"பொண்ணுதோ பையனுதோ, முத்திரை விழுந்தா அது அரசாங்கக் காகிதம். அதிகாரி உத்தரவு இல்லாம வெளிய போகாது. கோப்பு இப்ப அவர்கிட்ட இருக்கு. லிப்ட் விஷயமா ஏழாம் மாடில பேச்சுவார்த்தை, அரை மணி முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டார்."

அப்போது மணி நாலு ஆகப் பத்து நிமிடம். லிப்டுக்கு ஓடினேன். கதவு திறந்தது. உள்ளே நெருக்கியடித்துக் கம்பெனிப் பிள்ளைகள், நடுவில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர், அவர் காலடியில் நாலு எடைக்கல். நான் ஏறியதும் அது கத்த ஆரம்பித்தது. ஆறு மாதமாக இந்தக் கடைக்காரர்களுக்காகத் தனியார்காரனோடு மல்லுக்கு நின்றவன் நான். அன்று என் வாயிலிருந்தே, "அண்ணே, கொஞ்சம் இறங்கிக்கங்க" என்று வந்தது. "உங்க ஆபீசுலதான் சார் சொன்னாங்க, அஞ்சாம் மாடிக்குப் போன்னு. நான் எதுக்கு இறங்கணும்?" என்றார். நியாயம்தானே! நான் இறங்கிப் படிக்கட்டைப் பிடித்தேன். அந்தப் படிக்கட்டில் யாரும் நடப்பதில்லை, சிமென்ட் வாடை அடிக்கிறது, விளக்கு ஆள் வந்தால்தான் எரியும். ஆறாம் மாடித் திருப்பத்தில் மார் அடைத்துக்கொண்டது, கைப்பிடியைப் பிடித்து நின்றேன். விளக்கும் அணைந்துவிட்டது. கையை ஆட்டி ஆட்டி அதை எரிய வைத்துக்கொண்டு, மகள் என் மூஞ்சியில் இனி முழிப்பாளா என்று நினைத்தேன். மறுபடி போன். "அப்பா, மேல இன்னும் வந்து சேரலைன்னு சொல்றாங்க. எங்க இருக்கீங்க? நான் கீழ வந்துட்டேன்" என்றாள். "ஏழாம் மாடிக்கு வாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஏழாம் மாடி வெறும் தரை. நடுவில் ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் எங்கள் அதிகாரி, எதிரே தனியார் சார்பில் பதினோராம் மாடி மனிதவள மேலாளர் அம்மா, காகிதம் கொடுக்க வேண்டியது யாரிடமோ அதே அம்மாதான். இரண்டு பேருக்கும் நடுவே கட்டட மேலாளர், இரு தரப்பில் எது காலி செய்தாலும் தன் வேலை போய்விடும் என்ற பயத்தில் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் மூச்சு வாங்கும்போதே அதிகாரி கோப்பைத் திறந்துவிட்டார். "பேச்சுவார்த்தைக்கும் வருவீங்க, இன்னிக்கே ஒரு புகாரும் அனுப்புவீங்க. இதோ, உங்க லெட்டர். நானே படிக்கிறேன்" என்று சத்தமாகப் படித்தார்: "'உங்களை எங்கள் நிறுவனத்தில் பணியமர்த்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.'"

மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. "என்னம்மா இது? லிப்டை விட்டுக் குடுத்தா எனக்கு வேலையா?" என்று அதிகாரி எழுந்துவிட்டார். நான் உள்ளே பாய்ந்து, ஐயா, அது என் மகளுடையது, கை தவறிவிட்டது என்று கும்பிட்டு நின்றேன். அந்த அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு வர வேண்டியதுதான். குடுங்க, எடுத்துக்கறேன்" என்று கையை நீட்டினார். அதிகாரி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "முத்திரை விழுந்த காகிதத்தை மேஜைக்கு மேஜை தூக்கிக் குடுக்க இது என்ன கடையா?" என்றார். "சார், அஞ்சு மணிக்கு எங்க சிஸ்டம் தானா மூடிக்கும். அப்புறம் நானே நினைச்சாலும் திறக்க முடியாது" என்றார் அந்த அம்மா. இங்கே முத்திரை, அங்கே சிஸ்டம். இரண்டுக்கும் நடுவில் என் மகளின் பிழைப்பு. அந்த நேரத்தில் அவளும் படியேறி வந்து வாசலில் நின்றாள். வியர்த்து வழிந்த முகத்தோடு காகிதத்தைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மச்சான், அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்படி இழுபறியிலேயே மணி நாலு முப்பத்தெட்டு ஆகிவிட்டது. மேலாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், உங்க ஆபீசுல ஒரு காகிதம் வெளிய வர ஆறு மாசம் ஆகுமே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது. அதிகாரிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "ஆறு மாசமா? எங்க ஆபீஸ் வேகத்தை நீங்க பார்த்ததில்லையே!" என்று பேனாவைத் திறந்து, காகிதத்தின் ஓரத்திலேயே 'உரிய நிறுவனத்துக்கு உடன் அனுப்புக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அனுப்புகை எண் போட்டு எடுத்துட்டு வாங்க, ஓடுங்க!" என்றார். மூன்று மாடி இறங்கினேன், எண் போட்டேன், 'அனுப்பப்பட்டது' முத்திரையை வைத்தேன். அவசரத்தில் வழக்கம்போல் கோணலாக விழுந்தது. மறுபடி மூன்று மாடி ஏறி, நாலு ஐம்பத்தாறுக்கு அந்த அம்மா கையில் கொடுத்தேன். "தனியார்ல ஆள் சேர்க்க அரசாங்க உத்தரவும் வேணும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே அவர் மேலே போனார். ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கையில் என் மகளின் போனில் 'பெற்றுக்கொண்டோம்' என்று செய்தி வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இதுதான் நடந்தது. இதில் சூது எங்கே இருக்கிறது? வேலையைக் கெடுக்க நினைத்தவன் இந்த வயதில் படிக்கட்டில் அப்படி ஓடுவானா? அவள் சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். எடைக்கல்லுக்கென்று நாலு லிப்டில் ஒன்றை ஒதுக்கிவிட்டார்கள். கோபத்தை விட்டுவிட்டு உங்கள் தங்கைக்கு ஒரு போன் செய்து, மாப்பிள்ளை மேல் தப்பில்லை என்று சொன்னால் எனக்குச் சூடாக ஒரு வாய் காபியாவது கிடைக்கும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் முழங்காலும் உங்கள் கோபமும் சீக்கிரம் தணிய வேண்டுகிறேன்.

என்றும் உங்கள் அன்புள்ள,
நான்காம் மாடி மாப்பிள்ளை

பி.கு.: தபால் பிரிவில் இருக்கிறவன் காகிதத்தைப் படிப்பதில்லை என்று எழுதினேன். அன்று படித்தேன். அவள் கையெழுத்து எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்கத்தான் உறையிலிருந்து எடுத்தேன். நாலாவது வரியில், பத்து நாள் பயிற்சி மட்டும் இந்தக் கட்டடத்தில், அதன் பிறகு மூன்று வருடம் கடல் தாண்டிய கிளையில் என்று இருந்தது. உங்களுக்குத் தெரியும், உங்கள் தங்கைக்குத் தெரியும், எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. முத்திரையை எடுத்து, நன்றாக நேராகப் பிடித்து, வைத்தேன். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் குரலைக் கேட்ட பிறகு ஓடியது நிஜம். நேற்று பஸ்ஸில், "கை தவறினா முத்திரை கோணலாதானேப்பா விழும்?" என்று கேட்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு, விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சொன்னாள். வழியனுப்பப் போக அன்றைக்கு ஒரு நாள் விடுப்பு எழுதி நானே முத்திரை வைத்திருக்கிறேன், கோணலாக விழுந்திருக்கிறது. உங்கள் தங்கையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், காபி இல்லாமல் சமாளித்துக்கொள்கிறேன்.